காயத்தில் தொடங்கும் காதல்: டயானா கேபல்டனின் ‘அவுட்லேண்டர்’

இருநூறு ஆண்டு பின்னால் போய் விழுந்த ‘அவுட்லேண்டர்’ நாவலின் கதாநாயகி கிளேர் செய்கிற முதல் உருப்படியான காரியம், முன்பின் தெரியாத ஓர் இளைஞனின் விலகிய தோளை எடுத்து வைப்பதுதான். இருட்டான குடிசை. அடுப்பு நெருப்பைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. சுற்றிலும் ஆயுதம் தாங்கிய ஆண்கள். அவர்களில் ஒருவன் கையைப் பிடித்து முரட்டுத்தனமாக இழுக்கப் போகிறான். அதுவரை பயந்து ஒடுங்கியிருந்தவள் அப்போது வாயைத் திறக்கிறாள்: அப்படி இழுத்தால் எலும்பு முறிந்துவிடும், விலகு. அந்தப் பக்கத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கபடியில் விழுந்து, பைக்கிலிருந்து சறுக்கி, வலிப்பு வந்து என்று தோள் விலகி வருகிறவர்கள் எத்தனையோ பேருக்கு மருத்துவரின் பக்கத்தில் நின்று கைகொடுத்திருக்கிறேன். வலியில் தசை இறுகிக்கொள்ளும். இறுகிய தசையோடு மல்லுக்கட்டக் கூடாது. பேச்சுக்கொடுத்து ஆளைத் தளர்த்தி, மேற்கை எலும்பைச் சரியான கோணத்துக்கு மெல்லத் திருப்பிக்கொண்டு வரவேண்டும். கோணம் சரியாக வந்துவிட்டால், ஒரு சிறு சத்தத்தோடு மூட்டு தானாகவே போய் உட்கார்ந்துவிடும். வெறும் பலத்தால் இழுத்தால் எலும்பு முறியலாம், அக்குள் பக்கம் ஓடும் நரம்பு சேதமாகலாம். நாவலில் இது அப்படியே இருக்கிறது. அவளுக்கு எடை தாங்கவில்லை, கை வழுக்குகிறது, வியர்க்கிறது. பிறகு மூட்டு உட்காருகிறது. வலி சட்டென்று நின்றுபோன வியப்பில் அந்த இளைஞன் அவளைப் பார்க்கிறான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். எந்த நோயாளியும் அப்படித்தான் பார்ப்பார். இந்த நாவலின் காதல் அந்தப் பார்வையில்தான் தொடங்குகிறது. நிலவிலோ பூந்தோட்டத்திலோ தொடங்கவில்லை என்பதால்தான் நான் அதை நம்பினேன்.

நாவல் வெளிவந்தது 1991-ல். டயானா கேபல்டன் அமெரிக்கர். அரிசோனாவில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அறிவியலாளர். நாவல் எழுதப் பழகுவதற்காகவே இதைத் தொடங்கியதாகவும், அப்போது ஸ்காட்லாந்தைப் பார்த்ததே இல்லை, நூலகத்தை நம்பியே எழுதியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். பிரிட்டனில் இது ‘கிராஸ் ஸ்டிச்’ என்ற பெயரில் வந்தது. அமெரிக்கப் பதிப்பில் கதை 1945-ல் தொடங்குகிறது, பிரிட்டன் பதிப்பில் 1946-ல். உங்கள் கைக்கு எந்தப் பதிப்பு வந்தாலும் கதை ஒன்றுதான்.

உலகப் போர் முடிந்திருக்கிறது. போர்முனையில் செவிலியராக இருந்த கிளேரும், வரலாற்றுப் பேராசிரியராகப் போகும் அவள் கணவன் ஃபிராங்கும் ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் நகருக்கு வருகிறார்கள். போரில் ஆளுக்கொரு பக்கமாக ஆண்டுகள் கழிந்துவிட்டன. மறுபடியும் கணவன் மனைவியாகப் பழகிக்கொள்ள ஒரு விடுமுறை. ஊருக்கு வெளியே குன்றின்மேல் ஒரு கல்வட்டம். விடிவதற்கு முன் ஊர்ப் பெண்கள் சிலர் அங்கே வந்து ஆடுவதை இருவரும் ஒளிந்திருந்து பார்க்கிறார்கள். பிறகு அங்கே பார்த்த செடி ஒன்றைத் தேடிக் கிளேர் தனியாகப் போகிறாள். கற்களிலிருந்து தேனீக்கூட்டம் இரைவதுபோல் ஓர் ஒலி. பிளந்த கல்லைத் தொடுகிறாள். கண் விழிக்கும்போது 1743.

காலம் தாண்டுவதற்கான விளக்கம் அவ்வளவுதான். எந்திரமும் இல்லை, சூத்திரமும் இல்லை. சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இல்லை. ஆசிரியர் தன் அறிவியலையெல்லாம் கல்லின்மேல் செலவழிக்காமல், கல்லைத் தாண்டிப் போனவளின் உடம்பின்மேல் செலவழித்திருக்கிறார். குளிர், பசி, நனைந்த துணி, குதிரைமேல் நாள்முழுதும் உட்கார்ந்து தோல் உரிந்த தொடை என்று கடந்த காலம் அவளுக்கு உடம்பு வழியாகத்தான் புரிகிறது. ஆடைகளும் அரண்மனைகளும் காட்டிப் பழங்காலத்தை நம்பவைக்க முயலும் புத்தகங்களைப் படித்துச் சலித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

கதையில் வரும் கல்வட்டம் கற்பனை. ஆனால் அது போன்றவை ஸ்காட்லாந்தில் நிறைய உண்டு. லூயிஸ் தீவின் கேலனிஷ் கற்கள் ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையானவை. இன்வெர்னஸுக்குப் பக்கத்திலேயே உள்ள கிளாவா கற்குவைகளுக்கு வயது சுமார் 4,000. அங்கே கல்லறைகளைச் சுற்றி வட்டமாகக் கற்களை நட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாளில், மறையும் சூரியனின் ஒளி உள்ளே போகும்படி வாசலை அமைத்திருக்கிறார்கள். நம் பெருங்கற்காலக் கல்வட்டங்களும் ஈமக்குழிகளைச் சுற்றி நட்டவைதான் என்பதால், இந்தப் பகுதியைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு அந்நியமாகத் தோன்றாது. செத்தவர்களுக்காக நட்ட கல்லில் உயிரோடிருப்பவள் நுழைந்து போகிறாள். கேபல்டன் இதைச் சொல்லிக்காட்டுவதில்லை, வாசகரே உணர்ந்துகொள்ள விட்டுவிடுகிறார்.

கிளேரை இடிபாடுகளுக்குப் பழகியவளாகப் படைத்ததும் கெட்டிக்காரத்தனம். ஐந்து வயதில் பெற்றோரை இழந்தவள். தொல்லியலாளரான சித்தப்பாவோடு அகழாய்வுக் கூடாரங்களில் வளர்ந்தவள். மின்சாரம் இல்லாத இடத்தில் தூங்கவும், குழி தோண்டி ஒதுங்கவும், கிடைத்ததைச் சாப்பிடவும் அவளுக்குச் சிறுவயதிலேயே தெரியும். அதன்மேல் போர்முனை அனுபவமும் சேர்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அவள் அழுது புரளாமல் சமாளிப்பதை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வதற்கு இந்த வளர்ப்பே காரணம்.

இந்த நாவலில் என்னை மிகவும் கட்டிப்போட்டது காதல்கூட இல்லை, வம்சாவளி. ஃபிராங்குக்குத் தன் குல வரலாற்றைத் தோண்டுவதில் தீராத ஆசை. இன்வெர்னஸில் ஒரு பாதிரியார் வீட்டில் பழைய கடிதங்களையும் ராணுவப் பதிவுகளையும் விரித்து வைத்துக்கொண்டு, பல தலைமுறைக்கு முந்திய தன் மூதாதை ஒருவனைத் தேடுகிறான். ஜொனாதன் ராண்டல், குதிரைப்படைத் தலைவன், ஊரார் வைத்த பெயர் ‘கறுப்பு ஜாக்’. கிளேருக்கு அது சலிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து அரைக் காதால் கேட்கிறாள். கல்லைத் தாண்டிப் போய் அவள் முதலில் மோதிக்கொள்ளும் ஆள் அவனேதான். முகம் அப்படியே அவள் கணவனின் முகம். குணம் அரக்கனுடையது. அன்போடு பார்த்துப் பழகிய முகமே அவளைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது.

அதற்குமேல் ஒரு முடிச்சு. இந்தக் கொடியவனை யாராவது கொன்றுவிட்டால் ஃபிராங்கின் பாட்டன் பூட்டன் எவரும் பிறக்கப்போவதில்லை, ஃபிராங்கும் பிறக்கப்போவதில்லை. அரைக் காதால் கேட்ட அந்தக் காகிதச் செய்திகள்தான் இப்போது அவள் கையைக் கட்டுகின்றன. வம்சம் தழைக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத குடும்பம் நம்மிடம் இல்லை. தன்னையும் தான் நேசிப்பவனையும் வதைக்கிறவனின் வம்சம் தழைத்தே ஆகவேண்டும் என்ற இக்கட்டில் ஒரு பெண்ணை நிறுத்தியிருக்கிறார் ஆசிரியர். காலப்பயணக் கதைகளில் பாட்டனைக் கொன்றால் பேரன் என்ன ஆவான் என்ற கேள்வி பழசு. அதை விடுகதையாக வைக்காமல், ஒருத்தியின் இரண்டு திருமணங்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தது புதுசு.

இரண்டாவது திருமணம் ஜேமி ஃபிரேசரோடு. தோள் பிசகியிருந்தானே, அவன்தான். இவனுடைய குடும்பக் கணக்கைத் தமிழ் வாசகர் ஒருவர் விளக்கமே இல்லாமல் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன். லியோக் கோட்டையின் தலைவன் கோலம் மெக்கன்சி, அவன் தம்பி டூகல், இருவரும் ஜேமிக்குத் தாய்மாமன்கள். அவர்களுடைய அக்கா எல்லன் தன் விருப்பப்படி ஒருவனோடு போய்விட்டவள், அவள் பெற்ற பிள்ளை இவன். மருமகன்மேல் மாமன்களுக்குப் பாசம் உண்டு. கோட்டைத் தலைமைக்குப் போட்டியாக வந்துவிடுவானோ என்ற அச்சமும் உண்டு. ஒரே மாமன் ஒருநாள் அவனை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவான், மறுநாள் அவனைப் பகடைக்காயாக உருட்டுவான். ஜேமி அந்தக் கோட்டையில் எங்கே உட்காருகிறான், யாருக்கு முன்னால் என்ன பேசாமல் விடுகிறான் என்பதிலெல்லாம் இந்தக் கணக்கு ஓடுகிறது. மேற்கத்திய விமர்சனங்களில் இதைக் குலப் பூசல் என்று ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். தாய்மாமன் உறவின் எடை தெரிந்தவருக்கு இங்கே இன்னொரு நாவலே இருக்கிறது.

டூகல் குத்தகை வசூலுக்கு ஊர் ஊராகப் போகும் அத்தியாயங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. தானியம், கோழி, பன்றி என்று கிடைத்ததை வாங்கிக் கணக்கெழுதுகிறார்கள். நெட் கோவன் என்ற வயதான வழக்கறிஞர் கூடவே வருகிறார். சிறு பாத்திரம்தான், ஆனால் மனதில் தங்கிவிடுபவர். பகல் வசூல் முடிந்தபின் இரவில் இன்னொரு வசூல் நடக்கிறது. டூகல் கூட்டத்துக்கு முன்னால் ஜேமியின் சட்டையைக் கிழித்து முதுகைக் காட்டுகிறான். ஆங்கிலேயப் படையின் கோட்டையில், ஒரே வாரத்துக்குள் இரண்டு முறை நூறு நூறு கசையடி வாங்கிய முதுகு. அதைப் பார்த்துக் கொதிக்கிறவர்கள், நாட்டைவிட்டு ஓடிய ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீட்கும் போருக்குக் காசு போடுகிறார்கள். தன் தழும்பை இன்னொருவர் விற்கும்போது அவன் முகத்தில் ஓடும் அவமானத்தைக் கிளேர் மட்டும் கவனிக்கிறாள். நோயாளியின் உடம்பைக் காட்சிப் பொருளாக்குவதைப் பார்த்துப் பதறியிருக்கும் எந்தச் செவிலியருக்கும் அந்த இடம் சுடும்.

மருத்துவப் பகுதிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இவற்றைப் பற்றி யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. தொடக்கத்தில் ஜேமி குண்டடிபட்டு ரத்தம் ஒழுகக் குதிரையிலிருந்து சாய்கிறான். காயம் கழுவ அவள் பழக்கத்தில் ஐயோடின் கேட்கிறாள், சுற்றியிருப்பவர்கள் விழிக்கிறார்கள். கடைசியில் சாராயக் குப்பிதான் கிடைக்கிறது. கிருமிநாசினியாகப் பயன்பட ஆல்கஹால் எழுபது சதவீதத்தை ஒட்டி இருக்கவேண்டும், சாதாரணமாகக் குடிக்கிற விஸ்கியில் அவ்வளவு இருக்காது. ஆனாலும் காயத்தைக் கழுவவேண்டும் என்ற எண்ணமே அந்தக் காலத்துக்குப் புதிது. அதே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோசஃப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயங்களைக் கழுவிக் கட்டத் தொடங்கியது 1865-ல்தான். அதற்கு இன்னும் 122 ஆண்டு இருக்கிறது. கையில் ஒன்றுமில்லாமல், தலைக்குள் மட்டும் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஒரு செவிலியர் நிற்கும் நிலையை ஆசிரியர் நன்றாகப் பிடித்திருக்கிறார்.

கோட்டையில் செத்துப்போன பழைய வைத்தியனின் அறையை அவளுக்குக் கொடுக்கிறார்கள். ஜாடி ஜாடியாகப் பூச்சிகளும் பொடிகளும் எலும்புத் தூளும். அவள் அவற்றை ஒதுக்கிவிட்டுத் தோட்டத்து மூலிகைகளில் தொடங்குகிறாள். கோட்டைத் தலைவன் கோலம் வளைந்த, வளராத கால்களோடு தாங்கித் தாங்கி நடந்து வரும்போது அவளுக்கு நோயின் பெயர் உடனே தெரிகிறது. ஆனால் அந்தப் பெயருக்குரிய பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக் 1864-ல்தான் பிறப்பார். நோய் தெரியும், பெயர் தெரியும், யாரிடமும் சொல்ல முடியாது, மருந்தும் கிடையாது. முதுகை நீவிவிட்டு வலியைச் சற்றுக் குறைக்கலாம், அவ்வளவே. எங்கள் தொழிலில் பாதி அதுதான். புத்தகம் அதைக் கௌரவமாகச் சொல்கிறது.

அப்புறம் ஒரு தழும்பு. யாருடைய கையில் என்று சொல்லி உங்கள் சுவாரசியத்தைக் கெடுக்கமாட்டேன். சூனியக்காரி என்று குற்றம்சாட்டி நடக்கும் விசாரணைப் பகுதியில், கூச்சலும் கல்லெறியுமான நேரத்தில், மேற்கையில் வட்டமான ஒரு சிறு தழும்பு கண்ணில் படுகிறது. அம்மை குத்திய தழும்பு. ஆங்கிலேய மருத்துவர் ஜென்னர் முதன்முதலாக அம்மைப்பால் குத்தியது 1796-ல். 1743-ன் உடம்பில் அது இருக்கவே முடியாது. என் தலைமுறைக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்கவேண்டியதில்லை. இந்தியாவில் பெரியம்மை 1975-ல் ஒழிந்தது. அதற்கு முன் பிறந்த நம்மவர்கள் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தாலே அந்தத் தழும்பு இருக்கும், எனக்கும் இருக்கிறது. இளைய வாசகர்களுக்கு ஒரு கணம் பிடிபடாமல் போகலாம் என்பதால்தான் இவ்வளவும் சொன்னேன். காலப்பயணத்துக்கு இதைவிட நல்ல அடையாளச் சீட்டை யாராலும் யோசிக்க முடியாது.

காதலைப் பற்றிக் கேட்பீர்கள். நன்றாக இருக்கிறது. ஜேமி அவளைவிட நான்கைந்து வயது இளையவன், பெண் வாசனை அறியாதவன். அவள் ஏற்கெனவே திருமணமானவள், விவரம் தெரிந்தவள். ராண்டலின் கையில் சிக்காமல் அவளைக் காப்பாற்ற, ஒரு ஸ்காட்லாந்துக்காரனின் மனைவியாக்கிவிடுவதே சட்டப்படி வழி என்று டூகல் முடிவுசெய்து கட்டிவைக்கிறான். மணமான இரவில் இருவரும் வெகுநேரம் தங்கள் தங்கள் குடும்பக் கதைகளைப் பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்தது. முன்பின் தெரியாமல் பெரியவர்கள் பேசி முடித்த திருமணத்தின் முதல் இரவைப் பற்றி நம் ஊர்ப் பெண்களிடம் கேட்டால் கிட்டத்தட்ட இதையே சொல்வார்கள். படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையானவை, எண்ணிக்கையிலும் அதிகம். பாதியைக் குறைத்திருந்தாலும் அன்பு குறைந்திருக்காது. திரும்பிப் போகும் வாய்ப்பு அவள் கைக்கு வரும் இடம் மட்டும் அருமை. பெரிய பெரிய காரணங்களுக்கு நடுவில் வெந்நீர்க் குளியலும் ஒரு காரணமாக வந்து நிற்கிறது. உண்மையான மனுஷி அப்படித்தான் யோசிப்பாள்.

இனி என் கோபங்கள்.

தன்னைத் தேடி வந்த ஆண்களின் உயிருக்கு அவள் ஆபத்து உண்டாக்கிவிட்டாள் என்பதற்காக, ஜேமி அவளை வாரால் அடிக்கிறான். அந்தக் காலத்து வழக்கம் அது என்று நாவல் சொல்கிறது. அவள் எதிர்த்துப் போராடுகிறாள், கோபத்தில் கொதிக்கிறாள். இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. 1743-ன் கணவன் 1945-ன் கணவனைப்போல நடந்துகொண்டால் அதுதான் பொய். பிறகு நடப்பதுதான் பிரச்சினை. சில பக்கங்களில் அது இருவரும் சிரித்துப் பேசிக்கொள்கிற விஷயமாகிவிடுகிறது. ‘வழுக்கி விழுந்துவிட்டேன் சிஸ்டர்’ என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்களின் முதுகில் எத்தனையோ முறை மருந்து தடவியவள் நான். அந்த முதுகுகளுக்குச் சிரிப்பு அவ்வளவு சீக்கிரம் வந்து நான் பார்த்ததில்லை. இனி அடிக்கமாட்டேன் என்று அவன் சத்தியம் செய்கிறான், காப்பாற்றவும் செய்கிறான். ஆனாலும் அவளுடைய கோபத்துக்கு ஆசிரியர் இன்னும் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, ஆண்கள்மேல் விருப்பமுள்ள ஆண்களாக இந்தத் தொகுதியில் வரும் முக்கியமான இருவரும் தீயவர்கள் அல்லது கேலிக்குரியவர்கள். அந்த விருப்பமும் கொடுமையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்ற எண்ணம் வாசகர் மனதில் விழும்படி எழுதியிருப்பது நியாயமில்லை. பின்னால் வரும் தொகுதிகளில் இதே ஆசிரியர் வேறு மாதிரியும் எழுதியிருக்கிறார் என்பது உண்மை. ஆனால் முதல் தொகுதியோடு நிறுத்திக்கொள்பவருக்கு அது தெரியப்போவதில்லை.

மூன்றாவது கோபம் கதையின் கடைசிப் பகுதியைத் தொடுகிறது. தெரியவேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தையும் அடுத்த இரண்டு பத்திகளையும் தாண்டிவிடுங்கள். வெண்ட்வொர்த் சிறையில் ராண்டலின் கையில் ஜேமி சிக்குகிறான். உடம்பையும் மனதையும் சிதைக்கிற கொடுமை, பாலியல் வன்கொடுமை உட்பட. அது நேராகக் காட்சியாக வராமல் பிற்பாடு அவன் வாயாலேயே வருகிறது, ஆனால் விவரத்துக்குக் குறைவில்லை. இப்படிப்பட்ட அனுபவம் உள்ளவர்கள், அல்லது உள்ளவர்களோடு வாழ்கிறவர்கள், முன்கூட்டியே தெரிந்துகொண்டு இந்தப் புத்தகத்தைத் திறப்பது நல்லது.

அதற்குள்ளேயே இந்த நாவலின் மிகச் சிறந்த பக்கங்களும் இருக்கின்றன. சுத்தியலால் நொறுக்கப்பட்ட அவன் கையைக் கிளேர் சரிசெய்யும் இரவு. மனிதக் கையில் இருபத்தேழு எலும்புகள். எக்ஸ்ரே வருவது 1895-ல். அவள் தன் விரல் நுனியால் ஒவ்வோர் எலும்பாகத் தடவி, எது முறிந்தது, எது நழுவியது, எது தோலைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது என்று பார்த்து, நேராக்கி, சிம்பு வைத்துக் கட்டுகிறாள். தான் நேசிக்கிறவனின் கை என்பதை அந்த நேரத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, வேலையாக மட்டும் பார்க்கிறாள். எல்லாம் முடிந்தபிறகுதான் அவளுக்கு நடுக்கம் வருகிறது. சொந்தக்காரர் ஒருவர் ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்கிய நாளில் வேலை பார்த்த எந்தச் செவிலியரும் இந்த வரிசையில் ஒரு பிசகும் காணமாட்டார்: முதலில் கை, அப்புறம்தான் கண்ணீர்.

அவ்வளவு பொறுமையாகக் கையை எழுதியவர், மனதை அவசரமாகக் குணப்படுத்திவிடுகிறார். பிரான்ஸில் ஒரு மடாலயத்தில் காய்ச்சலும் அவமானமுமாக, சாகவே விரும்பிக் கிடக்கிறான் ஜேமி. கிளேர் அபினைப் புகைத்து, கொடுமைக்காரனை நினைவூட்டும் வாசனையைப் பூசிக்கொண்டு, இருட்டில் அவனைச் சீண்டிச் சண்டைக்கு இழுத்து, உள்ளே தேங்கியதை வெளியே கொட்டவைக்கிறாள். விறுவிறுப்பான காட்சிதான். ஆனால் இப்படி ஒருவரையும் நடத்தக் கூடாது. அத்தகைய காயத்தை ஓர் இரவில் மறுபடி கிளறுவது மருத்துவம் ஆகாது. பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற உணர்வு வருவதற்கே மாதக்கணக்கில் ஆகும். எலும்பு கூடப் பல வாரம் ஆகும் என்று தெரிந்த ஆசிரியர், மனதுக்கும் அந்த வாரங்களைக் கொடுத்திருக்கலாம். அடுத்தடுத்த தொகுதிகளில் கனவாகவும் திடுக்கிடலாகவும் அந்தக் காயம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது, ஆசிரியருக்கே அந்தத் தீர்வில் முழு நம்பிக்கை இருந்திருக்காது என்று எண்ணுகிறேன்.

கதைக்கு மேலே தொங்கும் கத்தி கலோடன். 1746 ஏப்ரல் 16 அன்று ஒரு மணி நேரம்கூட நீடிக்காத போரில், ஸ்டூவர்ட் இளவரசனின் பக்கம் நின்ற மலைநாட்டுப் படை சிதைந்தது. அதன் பிறகு கட்டம் போட்ட மலைநாட்டு உடைக்கே சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். 1782 வரை அது நீங்கவில்லை. குலத் தலைவர்கள் பரம்பரையாக நீதி வழங்கிவந்த அதிகாரமும் போயிற்று. இந்தத் தொகுதி கலோடனை எட்டுவதில்லை. ஆனால் கிளேருக்கு அது தெரியும், நமக்கும் தெரியும். ஜேமியின் அப்பா கட்டிய லாலிப்ராக் வீட்டில் அக்கா ஜென்னியும், போரில் ஒரு காலை இழந்த அவள் கணவன் இயனும், குழந்தையும், நிலமும், வாய்ச்சண்டையுமாக ஒரு குடும்பம் நிறைவாக இருப்பதைப் படிக்கும்போது, இன்னும் மூன்றே ஆண்டு என்ற கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோட்டை மண்டபத்தில் கோலம் உட்கார்ந்து வழக்கு விசாரிக்கும் காட்சியையும் அப்படித்தான் படித்தேன். ஒரு பெண்ணுக்கு விதித்த அடியை ஜேமி தான் வாங்கிக்கொள்ளும் அந்தச் சபை, அதன் முறை, அதன் கொடுமை, அதன் நியாயம் எல்லாமே மறையப் போகிறது. அந்த உலகத்தை நல்லது என்றோ கெட்டது என்றோ ஆசிரியர் முத்திரை குத்தவில்லை. திருட்டுக்காக ஒரு சிறுவனின் காதைக் கம்பத்தில் ஆணியடிக்கும் ஊர்தான் அதுவும்.

படிக்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். தடித்த புத்தகம், 41 அத்தியாயம். நடுவில், லியோக் கோட்டை வாழ்க்கையில், கதை நகராமல் நிற்பதுபோல் தோன்றும். அங்கே பொறுத்துக்கொள்ளுங்கள். உறவுமுறைகள் எல்லாம் அங்கேதான் விதைக்கப்படுகின்றன. ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கை எழுத்தில் படிப்பது முதல் நூறு பக்கத்துக்குச் சிரமம்தான். டேவினா போர்ட்டர் வாசித்த ஒலிப்புத்தகத்தைச் சில அத்தியாயங்கள் கேட்டுவிட்டு அச்சுப் பிரதிக்குத் திரும்பினால் அந்தச் சிரமம் பெரிதும் குறைந்துவிடும். 2014-ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரை முதலில் பார்த்தவர்களும் புத்தகத்தைப் படிக்கலாம். முழுக் கதையும் கிளேர் வாயாலேயே வருவதால், நோயாளியைப் பார்க்கும்போது அவள் மனதில் ஓடும் கணிப்புகள் புத்தகத்தில்தான் முழுமையாகக் கிடைக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

2021 வரை ஒன்பது தொகுதிகள் வந்திருக்கின்றன. இரண்டாம் தொகுதியை வாங்கினால் பின்னட்டையைப் படிக்காமல் திறவுங்கள். அது 1968-ல் தொடங்குகிறது, அந்தத் தொடக்கமே பெரிய அதிர்ச்சி. இரண்டோடு நிறுத்த நினைப்பவர்கள் மூன்றாவதையும் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது, இரண்டாவது முடியும் இடத்தில் யாராலும் புத்தகத்தை மூடிவைக்க முடியாது. மூன்றாவதில் கிளேர் பெனிசிலினோடு வருகிறாள்.